40 டொமைன் கையில் இருக்கிறது, நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 26. கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். டொமைன் பெயர்களை, அதாவது இணையதள முகவரிகளை, வாங்கி விற்றால் லட்சக்கணக்கில் சம்பாதிக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்து, எட்டு மாதத்தில் 40 பெயர்கள் பதிந்து வைத்திருக்கிறேன். ஆஃபரில் கிடைத்ததால் மொத்தம் 21,000 ரூபாய்தான் ஆனது. 12 டாட் காம், 8 டாட் இன், மீதி டாட் எக்ஸ்ஒய்இசட், டாட் ஷாப் போன்றவை. ஒரு பெரிய வங்கியின் பெயரோடு 'லோன்' என்று சேர்த்து ஒன்றும், ஒரு செல்போன் கம்பெனியின் பெயரை வைத்து ஒன்றும் அதில் உண்டு. இதுவரை எதுவும் விற்கவில்லை. போன வாரம் ஒருவர் ஒரு பெயருக்கு 4,500 டாலர் தருவதாக மெயில் அனுப்பினார். ஆனால் அவர் சொல்லும் இணையதளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கித் தர வேண்டுமாம், அதற்கு 9,000 ரூபாய் கட்டணம். வீடியோ போட்டவர் 25,000 ரூபாய்க்குப் பயிற்சி வகுப்பும் நடத்துகிறார். அம்மாவின் நகையை அடகு வைத்து 2 லட்சம் திரட்டி இன்னும் 150 பெயர் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். நிலம் வாங்கிப் போடுவது மாதிரி என்கிறார்களே, உண்மையா? தமிழ் எழுத்திலேயே டொமைன் வாங்கலாமே, அதற்கு எதிர்காலம் உண்டா?

— கரூர் வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 9,000 ரூபாயைக் கட்டாதீர்கள். நகையைத் தொடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

உங்களுக்கு வந்த 4,500 டாலர் மெயில் இந்தத் தொழிலில் பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கும் மோசடி. வாங்குகிறவராக எழுதுபவரும் சான்றிதழ் தரும் இணையதளத்தை நடத்துபவரும் ஒரே ஆள், இல்லையென்றால் ஒரே கூட்டம். உங்கள் பெயர் நல்லதா கெட்டதா என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. விற்பனைக்கு என்று போட்டிருப்பவர்கள் எல்லாருக்கும் அதே மெயில் போகும். கட்டணம் கட்டியதும் பார்க்க அழகான ஒரு பிடிஎஃப் வரும். அதற்குப் பிறகு வாங்க வந்தவரிடமிருந்து பதிலே வராது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: வாங்குகிறவர் எப்போதும் விலையைக் குறைக்கத்தான் பார்ப்பார். விலையை உயர்த்திக் காட்டும் ஒரு காகிதத்தை அவரே ஏன் உங்களிடம் கேட்கப்போகிறார்? உண்மையான ஆள் ஒருவரும் இதுவரை விற்பவரிடம் சான்றிதழ் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த மெயிலுக்குப் பதில் எழுத வேண்டாம், அதில் இருக்கும் எந்த இணைப்பையும் அழுத்த வேண்டாம்.

இனி தொழிலுக்கு வருவோம். நிலம் வாங்கிப் போடுவது மாதிரி என்ற பேச்சுதான் உங்களை இவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நிலத்தை ஒருமுறை கிரயம் செய்துவிட்டால் அது உங்களுடையது. டொமைனை யாரும் யாருக்கும் கிரயம் செய்து தருவதில்லை. ஓராண்டு முதல் பத்தாண்டு வரை பயன்படுத்திக்கொள்ளும் உரிமைக்குத்தான் நாம் பணம் கட்டுகிறோம். கட்டுவதை நிறுத்தினால் பெயர் போய்விடும். நிலத்தைச் சும்மா போட்டு வைக்கலாம். டொமைனைச் சும்மா போட்டு வைக்க ஆண்டுதோறும் செலவு உண்டு, அந்தச் செலவும் ஏறிக்கொண்டே போகிறது. டாட் காம் பெயர்களின் மொத்தப் பதிவேட்டை நடத்துவது அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனம். நமக்குப் பெயரை விற்கும் பதிவு நிறுவனங்களிடம் அது வாங்கும் விலை 2021 ஆகஸ்ட் வரை ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 7.85 டாலர். அதன்பிறகு நான்கு முறை ஏறி, 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. இதன் மேல் பதிவு நிறுவனத்தின் லாபமும் ஜிஎஸ்டியும் சேர்ந்துதான் உங்கள் பில்லில் வரும்.

நீங்கள் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர். அதனால் கணக்கையே உங்கள் முன் வைக்கிறேன். 21,000 ரூபாய் என்பது முதலாண்டு ஆஃபர் விலை. டாட் எக்ஸ்ஒய்இசட், டாட் ஷாப் போன்றவற்றை முதலாண்டு நூறு, இருநூறு ரூபாய்க்குத் தருவார்கள். இரண்டாம் ஆண்டு ஆயிரத்துக்கு மேல் கேட்பார்கள், சில முடிவுகளுக்கு (புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதிக்கு) இன்னும் அதிகம். சராசரியாக ஒரு பெயருக்கு 1,300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு 40 பெயருக்கும் ரினியூவல் மட்டும் 52,000 ரூபாய். விற்பனை எப்படி இருக்கும்? நன்றாகத் தேர்ந்தெடுத்த பெயர்களை வைத்திருப்பவர்களே நூற்றுக்கு ஒன்று, இரண்டுதான் ஓராண்டில் விற்கும் என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் 40 பெயருக்கு அதைப் போட்டால் ஒன்றேகால் ஆண்டு முதல் இரண்டரை ஆண்டுக்கு ஒரு விற்பனை. அதுவரை ரினியூவலுக்கு 65,000 முதல் 1,30,000 ரூபாய் வரை போயிருக்கும். விற்பனைச் சந்தைகள் எடுக்கும் கமிஷன் பெரும்பாலும் 15 முதல் 25 சதவீதம். ஆக, அந்த ஒரே விற்பனை ஒரு லட்சத்துக்கோ ஒன்றரை லட்சத்துக்கோ நடந்தால்தான் போட்ட பணம் திரும்பும். இதற்கு மேல் 150 பெயர் சேர்த்தால் ரினியூவல் இரண்டரை லட்சத்தைத் தொடும், அதோடு நகைக் கடன் வட்டி வேறு. இந்தத் தொழிலில் நஷ்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் மோசமான பெயர் வாங்கியதால் மட்டும் நஷ்டப்படவில்லை. சுமக்க முடியாத அளவு பெயர்களை வாங்கி, ரினியூவல் பில்லைப் பார்த்துத் திணறிப்போனவர்கள் அவர்கள்.

வீடியோக்களில் காட்டும் பெரிய விற்பனைகள் பொய்யில்லை. வாய்ஸ்.காம் 2019-ல் 3 கோடி டாலருக்கு விற்றது. சாட்.காம் 2023-ல் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் கைமாறி, அடுத்த ஆண்டு ஓபன்ஏஐ கைக்குப் போனது. ஆனால் வாய்ஸ்.காமை விற்ற மைக்ரோஸ்ட்ராட்டஜி, இணையம் பரவத் தொடங்கிய காலத்திலேயே ஒற்றைச் சொல் டாட் காம்கள் பலவற்றைப் பதிந்து வைத்த மென்பொருள் கம்பெனி. இருபது வருடங்களுக்கு மேல் காத்திருக்கும் வசதி அதற்கு இருந்தது. சாட்.காமை 2023-ல் வாங்கியவர் ஏற்கெனவே பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றை உருவாக்கிய கோடீஸ்வரர். முதல் டாட் காம் பெயர் 1985 மார்ச்சில் பதிவானது. இன்று டாட் காம் மட்டும் 15 கோடிக்கு மேல் இருக்கிறது. அகராதியில் உள்ள ஆங்கிலச் சொற்கள், ஊர்ப் பெயர்கள், மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சேர்க்கைகள் எல்லாம் எப்போதோ எடுத்தாகிவிட்டன. இன்று ஒருவர் தேடும்போது பதியாமல் காலியாக இருக்கும் பெயர், பல்லாயிரம் பேர் பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பெயரையும் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் புதிதாக வருபவருக்கு வழியே இல்லையா? இருக்கிறது, குறுகலான வழி. நான் புதியவர்களிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பேன்: இந்தப் பெயரை உங்களிடமிருந்து வாங்கக்கூடிய பத்து நிறுவனங்கள் எவை? சும்மா 'ஸ்டார்ட்அப் யாராவது வாங்குவார்கள்' என்று சொல்லக் கூடாது. இன்று இயங்கிக்கொண்டிருக்கும், பணம் புழங்கும், இப்போது வைத்திருக்கும் இணைய முகவரி நீளமாகவோ கோணலாகவோ இருக்கும் பத்து நிறுவனங்களைப் பேர் சொல்லி எழுத வேண்டும். எழுத முடியவில்லை என்றால் அந்தப் பெயரை வாங்காதீர்கள். உங்கள் 40 பெயரில் எத்தனைக்கு இந்தப் பட்டியலை எழுத முடிகிறது என்று இன்று இரவே உட்கார்ந்து பாருங்கள். ஏஐ என்று முன்னாலோ பின்னாலோ ஒட்டிய பெயர்கள் பல இருக்கும் என்று ஊகிக்கிறேன். அவற்றுக்கு ஒன்றுகூட எழுத வராது.

அதே சமயம், அந்தப் பத்து நிறுவனங்களும் ஒரே சொல்லை இயல்பாகப் பயன்படுத்துபவையாக இருக்க வேண்டும். ஒரே ஒரு கம்பெனிக்கு மட்டும் உரிய பெயராக இருந்தால் நீங்கள் வியாபாரி இல்லை, அவர்கள் வாசலை மறித்து நிற்பவர். உங்கள் வங்கிப் பெயரும் செல்போன் கம்பெனிப் பெயரும் அந்த வகைதான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான்.

மற்றவர்களின் வர்த்தக முத்திரையைக் கொண்ட டொமைனை வைத்திருந்தால், அவர்கள் வழக்கு மன்றம் போகாமலே அதை எடுத்துக்கொள்ள முடியும். டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பு 1999-ல் கொண்டுவந்த யூடிஆர்பி என்ற விதிமுறை டாட் காம் உட்படப் பல முடிவுகளுக்குப் பொருந்தும். முறையிடுபவர் மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும்: பெயர் அவர்களுடைய முத்திரையைப் போலவே இருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை எதுவும் இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிந்து அப்படியே பயன்படுத்துகிறார். பதிவுச் செலவைவிட அதிக விலைக்கு அந்தக் கம்பெனிக்கே விற்பதற்காகப் பதிந்திருந்தால், அதுவே கெட்ட நோக்கத்துக்குச் சாட்சி. அதனால்தான், 'உங்கள் பெயர் என்னிடம் இருக்கிறது, வாங்கிக்கொள்கிறீர்களா' என்று கம்பெனிக்கு மெயில் போடச் சொல்லித்தரும் வகுப்புகளைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. பையன்கள் தங்கள் கையாலேயே தங்களுக்கு எதிரான ஆதாரத்தை எழுதிக் கொடுக்கிறார்கள். ஜெனீவாவில் இருக்கும் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு மட்டும் இப்போது ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய புகார்களை வாங்குகிறது. டாட் இன் பெயர்களுக்கு ஐஎன்டிஆர்பி என்ற தனி விதிமுறை இருக்கிறது. அதில் கெட்ட நோக்கத்தோடு பதிந்தது, பயன்படுத்தியது இரண்டில் ஒன்று இருந்தாலே போதும், ஆகவே அது இன்னும் இறுக்கம். அமெரிக்கச் சட்டமோ ஒரு பெயருக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை இழப்பீடு விதிக்க இடம் தருகிறது.

நம் நாட்டில் இது சென்னையோடு தொடர்புள்ள வழக்கிலேயே தீர்ந்த விஷயம். சென்னையின் சத்யம் இன்ஃபோவே நிறுவனம் 'சிஃபி' என்ற பெயரில் இணையச் சேவை நடத்திக்கொண்டிருந்தது. இன்னொரு நிறுவனம் ஆங்கில எழுத்தில் ஓர் 'எஃப்' கூடுதலாகப் போட்டு 'சிஃபிநெட்' என்று பதிந்தது. 2004-ல் உச்ச நீதிமன்றம், வர்த்தகப் பெயர்களுக்கு உள்ள பாதுகாப்பு டொமைன் பெயர்களுக்கும் உண்டு என்று சொல்லி சத்யம் இன்ஃபோவே பக்கம் தீர்ப்பளித்தது. அண்மைய உதாரணம் நீங்களே செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஜியோவும் ஹாட்ஸ்டாரும் இணையலாம் என்று ஊகித்து, டெல்லியைச் சேர்ந்த ஒரு இளைஞர் ஜியோஹாட்ஸ்டார்.காமை முன்கூட்டியே பதிந்தார். 2024 அக்டோபரில், கேம்பிரிட்ஜில் தான் படிக்க ரிலையன்ஸ் பணம் தந்தால் பெயரைத் தருவதாக அந்தப் பக்கத்திலேயே எழுதினார். நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லை, சட்ட நடவடிக்கை என்ற பேச்சு வந்தது. பெயர் பிறகு துபாயில் இருந்த இரண்டு சிறார்கள் கைக்குப் போனது, அவர்கள் அதை நிறுவனத்துக்கு இலவசமாகவே தர முன்வந்தார்கள். ஊகம் அப்படியே பலித்தும் அந்த இளைஞர் கேட்டது ரிலையன்ஸிடமிருந்து கிடைக்கவில்லை.

ஆகவே உங்களுடைய அந்த இரண்டு பெயர்களையும் எங்கேயும் விற்பனைக்குப் போடாதீர்கள், போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அவற்றில் விளம்பரம் ஓடினால் நிறுத்துங்கள். பதிவு நிறுவனத்திடம் சொல்லி நீக்கிவிடுவதே நல்லது. வங்கிப் பெயரோடு 'லோன்' சேர்ந்தது இன்னும் ஆபத்து, ஏனென்றால் மோசடிக்காரர்கள் பயன்படுத்துவது அந்த மாதிரிப் பெயர்களைத்தான். ஏதாவது நோட்டீஸ் வந்தால் ஒதுக்கி வைத்துவிடாதீர்கள். யூடிஆர்பியில் பதில் சொல்ல 20 நாள்தான் தருவார்கள்.

இனி ஒரு பெயரை வாங்குவதற்கு முன் இந்திய வர்த்தக முத்திரைப் பதிவேட்டில் தேடுங்கள், இலவசம்தான். உலக அளவில் தேட மேலே சொன்ன ஜெனீவா அமைப்பின் தரவுத்தளமும் இலவசம். அப்புறம், ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்து கைவிட்ட பெயர் என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அதன் பழைய பக்கங்களைப் பாருங்கள். சூதாட்டத் தளமாகவோ போலி மருந்துக் கடையாகவோ இருந்திருந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் கறை வாங்குபவரின் மெயில்களை ஸ்பாமில் தள்ளும்.

பெயரைப் போனில் சொல்லிப் பாருங்கள் என்றும் சொல்வேன். ஒருமுறை சொன்னதும் எதிர்ப்பக்கம் இருப்பவர் தவறில்லாமல் டைப் செய்தால் நல்ல பெயர். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் பதிபவர்களுக்கு இது பெரிய தடை. ழகரத்தை ஒருவர் இசட், ஹெச் போட்டு எழுதுவார், இன்னொருவர் எல் போடுவார். நெடிலுக்கு ஒருவர் ஏ ஒன்று போடுவார், மற்றவர் இரண்டு. நமக்கு எவ்வளவு பிடித்த சொல்லாக இருந்தாலும் நான்கு விதமாக எழுத வாய்ப்புள்ளதை எந்தக் கடைக்காரரும் அதிக விலைக்கு வாங்கமாட்டார்.

விலையைப் பொறுத்தவரை, பதிவு நிறுவனங்கள் காட்டும் தானியங்கி மதிப்பீட்டை நம்பாதீர்கள். 'இதன் மதிப்பு 1,800 டாலர்' என்று திரையில் வருவதால் அந்த விலைக்கு ஆள் இருக்கிறது என்று பொருளில்லை. நேம்பயோ என்ற தளத்தில், வெளியே தெரிந்த பழைய விற்பனைகளைத் தேடலாம். அங்கே இன்னொன்றும் புரியும். இரண்டு விலை இருக்கிறது. ஒன்று, வியாபாரிகள் தங்களுக்குள் ஏலத்தில் வாங்கிக்கொள்ளும் விலை. மற்றது, அந்தப் பெயரில் கடை நடத்தப்போகிறவர் கொடுக்கும் விலை. முன்னது பின்னதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது பல சமயம். அவசரத்துக்கு விற்க வேண்டி வந்தால் உங்களுக்குக் கிடைப்பது முதல் வகை விலைதான். கடன் வாங்கி இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இது. வட்டி கட்டுகிறவரால் சரியான ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது.

25,000 ரூபாய் வகுப்பும் வேண்டாம். அதற்குப் பதிலாக ஆறு மாதம் ஒரு பைசா செலவில்லாமல் பயிற்சி எடுங்கள். அதற்கு முன் ஒரு டாட் காம் பெயர் எப்படிக் காலாவதியாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கெடு முடிந்ததும் பெயர் உடனே காலியாகாது. முதலில் பழைய உரிமையாளருக்குச் சலுகைக் காலம், அது 45 நாள் வரை போகலாம். இந்தக் கட்டத்திலேயே பல பதிவு நிறுவனங்கள் பெயரை ஏலத்தில் விட்டுவிடும். யாரும் எடுக்காவிட்டால் 30 நாள் மீட்புக் காலம், அதில் மீட்க உரிமையாளர் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். பிறகு 5 நாள் நீக்கத்துக்கான காத்திருப்பு. அதன்பின் பெயர் விழும் நொடியிலேயே அதைப் பிடிக்கவென்றே கணினிகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் பிடித்துவிடும். கையால் டைப் செய்து பிடிக்கலாம் என்பது நடக்காத காரியம்.

இந்த ஏலப் பட்டியல்களை எவரும் பார்க்கலாம். தினமும் ராத்திரி அரைமணி நேரம் உட்கார்ந்து, அதிலிருந்து ஐந்து பெயர் எடுத்து எக்செல்லில் எழுதுங்கள். பக்கத்தில், இது எவ்வளவுக்குப் போகும், யார் வாங்குவார்கள், ஏன் என்று உங்கள் ஊகத்தை எழுதுங்கள். ஏலம் முடிந்ததும் உண்மை விலையை அதன் பக்கத்தில் போடுங்கள். முதல் மாதம் ஊகங்கள் தாறுமாறாக இருக்கும். நான்காவது, ஐந்தாவது மாதத்தில் எந்தப் பெயருக்கு ஏன் போட்டி வருகிறது என்று பிடிபடத் தொடங்கும். பிடிபடவில்லை என்றால் இந்தத் தொழில் உங்களுக்கு வேண்டாம் என்பதும் செலவில்லாமல் தெரிந்துவிடும். இதைச் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வகுப்புக்குப் பணம் கட்டியவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

விற்கும் நாள் வந்தால் கவனிக்க வேண்டியவை சில. செடோ, ஆஃப்டர்னிக் போன்ற சந்தைகளில் விலையோடு போடுங்கள். விலை போடாமல் 'தொடர்புகொள்ளவும்' என்று மட்டும் வைத்தால் பாதிப்பேர் அப்படியே போய்விடுவார்கள். விசாரித்து மெயில் வந்தால் அன்றைக்கே பதில் போடுங்கள், இரண்டு வரியில், ஒரு எண்ணோடு. நேரடி விற்பனையென்றால் பணம் எஸ்க்ரோ வழியாகத்தான் வர வேண்டும்: வாங்குபவர் நடுநிலை நிறுவனத்தில் பணம் கட்டுவார், அது உறுதியான பிறகு நீங்கள் பெயரை மாற்றித் தருவீர்கள், பெயர் கிடைத்ததும் பணம் உங்களுக்கு வரும். எஸ்க்ரோ தளத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போய்ப் பணம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். 'பணம் வந்துவிட்டது' என்று வரும் மெயிலை நம்பிப் பெயரைக் கொடுக்காதீர்கள், போலித் தளங்கள் நிறைய. கார்டு மூலமோ பேபால் மூலமோ முன்பின் தெரியாதவரிடம் வாங்கிய பணத்தை, பெயர் கைமாறிய பிறகு அவர் திரும்ப இழுத்துக்கொள்ள முடியும். புதிதாகப் பதிந்த பெயரை முதல் 60 நாளுக்கு வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது, ஆனால் அதே நிறுவனத்துக்குள் இன்னொரு கணக்குக்குத் தரலாம். உங்கள் பதிவுக் கணக்குக்கும் அதற்குக் கொடுத்துள்ள மெயிலுக்கும் கடவுச்சொல்லோடு ஓடிபியும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம் போட்டு வையுங்கள். மெயில் போனால் பெயர்கள் அத்தனையும் போகும். வருமானத்தைக் கணக்கில் காட்டுவது பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் எழுத்து டொமைன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று முழுக்கத் தமிழிலேயே முடியும் முகவரிகள் இன்று உண்மையிலேயே இயங்குகின்றன. ஒரு பதிப்பகமோ பள்ளியோ தமிழ் அமைப்போ அவற்றை எடுத்துப் பயன்படுத்தினால் மகிழ்ச்சி அடைபவர்களில் நானும் ஒருவன், அவர்கள் பயன்படுத்தவும் வேண்டும். ஆனால் வாங்கி விற்கும் சரக்காக அவற்றுக்கு இன்று ஆள் இல்லை. தமிழில் உள்ள மெயில் முகவரியைக் கொடுத்தால் ஏற்காத படிவங்களும் செயலிகளும் இன்னும் எக்கச்சக்கம். உங்கள் சொந்தப் பெயரில் ஒன்று எடுத்து ஏதாவது எழுதுங்கள், விற்பனைக்கென்று எடுக்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நீங்கள் இருப்பது கரூர். உங்களைச் சுற்றி மேஜை விரிப்பும் சமையலறைத் துணியும் திரைச்சீலையும் ஏற்றுமதி செய்யும் கம்பெனிகள், கொசுவலைக் கம்பெனிகள், பஸ் பாடி கட்டும் பட்டறைகள். அவர்களில் எத்தனையோ பேர் இன்னும் விசிட்டிங் கார்டில் இலவச ஜிமெயில் முகவரி போட்டிருக்கிறார்கள். டொமைன் வைத்திருப்பவர்களில் பலருக்கு அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்றே தெரியாது. வெப்சைட் செய்து கொடுத்த ஆள் தன் பெயரிலேயே பதிந்துவிட்டு, சண்டை வந்ததும் தர மறுப்பார். ரினியூவல் மெயில் அவருக்குப் போய், கம்பெனிக்குத் தெரியாமலே பெயர் காலாவதியாகும், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பும் மெயில்கள் நின்றுபோகும். இதைச் சரிசெய்து கொடுக்க ஊருக்குள் நம்பிக்கையான ஒருவர் தேவை. பெயர் யார் கணக்கில் இருக்கிறது, கெடு எப்போது, மெயில் சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்த்து, எல்லாவற்றையும் முதலாளி பெயருக்கே மாற்றிக் கொடுத்து, ஆண்டுக்கு ஒரு நியாயமான கட்டணம் வாங்கலாம். எட்டு மாதத்தில் நீங்கள் கற்றுக்கொண்டது இதற்கு நன்றாகவே போதும். இருபது கம்பெனி கிடைத்தால் அது மாதாமாதம் தெரிந்த வருமானம். எந்த மாதிரிப் பெயருக்கு நிறுவனங்கள் உண்மையில் ஏங்குகின்றன என்பதும் அவர்களோடு பேசப் பேசத் தெரியவரும். வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்ப்பவர்களுக்கு அந்த அறிவு கிடைக்காது.

இப்போதைக்கு இதைச் செய்யுங்கள். 40 பெயருக்கும் தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஆஃபரில் வாங்கிய டாட் எக்ஸ்ஒய்இசட், டாட் ஷாப் எல்லாவற்றையும் போக விடுங்கள். 12 டாட் காமையும் 8 டாட் இன்னையும் அந்தப் பத்து நிறுவனக் கேள்வியில் போட்டுப் பாருங்கள். ஐந்தாறு தேறலாம். தேறியதை மட்டும் சந்தையில் விலை போட்டு வைத்து, அவற்றின் ரினியூவலை உங்கள் சம்பளத்திலிருந்து கட்டுங்கள். ஏற்கெனவே போட்ட 21,000 ரூபாயில் பெரும்பகுதி திரும்பாது. அதை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று மேலும் பணம் போடாதீர்கள். தேறிய பெயர்களின் பட்டியலை எனக்கு அனுப்புங்கள், ஒவ்வொன்றுக்கும் என்ன விலை வைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.